சூடேறி நின்ற ஜின்டி: ஒரு பழைய ஓஓ எஞ்சினைப் பழுது பார்த்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

இங்கிலாந்தின் லங்காஷயரில் உள்ள ஒரு மாதிரி ரயில் சங்கத்துக்கு அதன் மூத்த உறுப்பினர் ஒருவர் கொண்டுவந்த எஞ்சின் இது. லண்டன், மிட்லண்ட் அண்ட் ஸ்காட்டிஷ் (எல்எம்எஸ்) ரயில்வேக்காக 1924 முதல் 1931 வரை கட்டப்பட்ட 422 டாங்க் எஞ்சின்களின் (தண்ணீர்த் தொட்டியைத் தன் மேலேயே சுமக்கும் எஞ்சின்கள்) மாதிரி. 0-6-0 சக்கர அமைப்பு (ஆறு இயக்கு சக்கரங்கள் மட்டும்), ரயில் ஆர்வலர்கள் வாயில் 'ஜின்டி'. மாதிரி வண்டியைச் செய்தது மார்கேட்டில் இருந்த ட்ரை-ஆங் என்ற மாதிரி ரயில் நிறுவனத்தின் தொழிற்சாலை. ஓஓ அளவு, அதாவது 1:76 விகிதம், 16.5 மில்லிமீட்டர் பாதை, 12 வோல்ட் டிசி.

வண்டி நெடுங்காலம் பரணில் கிடந்தது. பேரன் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பதற்காக உரிமையாளர் அதை எடுத்து, தன்னால் ஆனதைச் செய்திருந்தார்: வீட்டில் இருந்த துருநீக்கித் தெளிப்பை அடிப்பாகம் முழுவதும் அடித்தார், மோட்டாரின் இரு முனையிலும் தையல் இயந்திர எண்ணெய் விட்டார், தண்டவாளத்தைத் தேய்ப்பு ரப்பரால் சுத்தம் செய்தார். அப்படியும் வண்டி தத்தித் தத்தி நகர்ந்து, சில நிமிடங்களில் சூடாகி நின்றது. மின்கட்டுப்பாட்டுப் பெட்டி அடிக்கடி தானே அணைந்துகொண்டது. எங்கோ ஷார்ட் இருக்கிறது என்று அவர் முடிவு கட்டியிருந்தார்.

உள்ளே இருப்பது எக்ஸ்04 என்ற திறந்த சட்ட மோட்டார். இதன் அமைப்பு தெரியாமல் பின்னால் எடுத்த முடிவுகள் புரியாது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஆர்மேச்சருக்கு, அதாவது சுருள்கள் சுற்றிய சுழலும் பகுதிக்கு, மூன்று துருவங்கள். தண்டின் ஒரு முனையில் வார்ம் (அச்சின் கியரைச் சுழற்றும் திருகுப் பல்), மறு முனையில் மூன்று செப்புத் துண்டங்களால் ஆன உருளை வடிவக் கம்யூட்டேட்டர். அதன் இருபுறமும், அதை உரசி மின்சாரத்தைச் சுருள்களுக்குக் கொடுக்கும் கார்பன் பிரஷ்கள். இரண்டு பிரஷ்களையும் அழுத்துவது ஒரே கம்பி ஸ்பிரிங். அதன் இரு கால்களும் ஆளுக்கொரு பிரஷின் வெளி முனையில் உட்காரும். கம்பி உலோகம் என்பதால் அதன் வழியாகவே இரு பிரஷ்களும் ஷார்ட் ஆகிவிடும். ஆகவே ஒரு காலில் மட்டும் சிறிய காப்பு ஸ்லீவ் இருக்கும். தண்டின் இரு தாங்கிகளிலும் எண்ணெய் தேக்கி வைக்கக் கம்பளித் துண்டுகள் உண்டு. காந்தம் ஒரு கட்டி அல்னிகோ (அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த உலோகக் கலவை).

மின்சாரம் வரும் பாதையும் முக்கியம். ஒரு பக்கச் சக்கரங்கள் அச்சு வழியாக உலோகச் சேஸிஸுடன் (அடிச்சட்டம்) நேரடித் தொடர்பில் இருக்கும். மறுபக்கச் சக்கரங்கள் காப்பிடப்பட்டவை. அவற்றை உரசும் ஒரு மெல்லிய உலோகத் தகடுதான் பிக்கப்.

முதல் சோதனையில் கண்டவை

பழுது பார்த்தவர் இவ்வகை மோட்டார்களோடு நிறையப் பழகியவர். ஒரு இளம் உறுப்பினர் பக்கத்தில் இருந்து அளவுகளைக் குறித்தார். எதையும் கழற்றும் முன், வந்த நிலையிலேயே வண்டியை ஓட்டி அளப்பது என்று தொடங்கினார்கள். இது சரியான தொடக்கம். சுத்தம் செய்த பிறகு அளந்தால், எது எதைக் குணமாக்கியது என்பது யாருக்கும் தெரியாது.

மேல்கூடு கழற்றப்பட்டது. சுத்தமான ஒரு மீட்டர் நீளத் தண்டவாளம். மின்கம்பி ஒன்றில் வரிசையாக அம்மீட்டர். 8 வோல்ட்டில் வண்டி மிக மெதுவாக ஊர்ந்தது, 0.75 ஆம்பியர் இழுத்தது. நல்ல நிலையில் உள்ள இந்த மோட்டார், சுமையில்லாமல், ஏறத்தாழ 0.2 முதல் 0.35 ஆம்பியருக்குள் ஓட வேண்டும். ஊர்வதிலும் ஓர் ஒழுங்கு தெரிந்தது: சக்கரம் ஒரு சுற்று வரும்போது ஒரே இடத்தில் தடுமாறியது, அங்கே மீட்டர் 0.9ஐத் தாண்டியது. கம்யூட்டேட்டரில் பெரிய மஞ்சள் தீப்பொறிகள். மூன்று நிமிடத்தில் மோட்டார் சட்டத்தில் விரல் வைக்க முடியவில்லை. கருகிய எண்ணெய் வாடை வந்தது. உடனே நிறுத்தினார்கள்.

கட்டுப்பாட்டுப் பெட்டி அணைந்த காரணமும் இங்கேயே தெளிந்தது. அதன் வரம்பு 1 ஆம்பியர். தடுமாறும் இடத்தில் வண்டி அந்த வரம்பைத் தொட்டது. உண்மையான ஷார்ட் என்றால் வண்டி நகரவே நகராது.

காந்தத்தைத் தொடுவதா?

மேசையைச் சுற்றி நின்றவர்கள் இரண்டு யோசனை சொன்னார்கள். பழைய அல்னிகோ காந்தம் வலுவிழந்திருக்கும், அதை எடுத்துவிட்டு நியோடிமியம் காந்தங்களை வைக்கலாம் என்பது ஒன்று. மோட்டாரையே தூக்கிவிட்டு நவீன மூடிய மோட்டார் பொருத்தலாம் என்பது மற்றொன்று. இரண்டும் நடைமுறையில் பலர் செய்வதுதான். பழுது பார்த்தவர் இரண்டையும் தள்ளி வைத்தார். அந்த முடிவுக்கான காரணமே இந்த ஆய்வில் கற்க வேண்டிய முதன்மையான பாடம்.

காந்தம் பலவீனமானால் மோட்டார் சுழலும்போது உண்டாகும் எதிர் மின்னழுத்தம் குறையும். விளைவு, மின்னோட்டம் கூடும், சூடு வரும். ஆனால் சுமை இல்லாதபோது மோட்டார் வழக்கத்தைவிட வேகமாகச் சுற்றும். விரலால் இலேசாகத் தொட்டாலே நின்றுவிடும். அதாவது வேகமும் சூடும் சேர்ந்து இருக்கும், இழுவை இருக்காது. இந்த வண்டியிலோ சூடும் மந்தமும் சேர்ந்து இருந்தன. அது ஏதோ ஒன்று மோட்டாரைப் பிடித்து நிறுத்துவதன் அடையாளம், அல்லது மின்சாரம் கம்யூட்டேட்டரில் வீணாவதன் அடையாளம்.

இன்னொரு காரணமும் உண்டு. அல்னிகோ காந்தத்தை அதன் துருவத் தகடுகளிலிருந்து பிரித்தாலும், நடுவிலிருந்து ஆர்மேச்சரை உருவினாலும், காந்தப் பாதை அறுந்து வலு குறையும். இடையில் மென் இரும்புத் துண்டை வைத்துப் பாதையை மூடிய பிறகுதான் எடுக்க வேண்டும். இது தெரியாமல் 'முழுசாகக் கழற்றிச் சுத்தம் செய்த' மோட்டார்கள் முன்பைவிட மோசமாக ஓடுவது சங்கங்களில் அடிக்கடி காணும் காட்சி. ஆகவே ஆர்மேச்சரை வெளியே எடுக்காமலே எல்லாச் சோதனைகளையும் முடிப்பது. எல்லாம் சரிசெய்த பிறகும் 6 வோல்ட்டில் 0.5 ஆம்பியருக்கு மேல் போனால் மட்டும் காந்தத்தைப் பார்ப்பது என்று முன்கூட்டியே எல்லை வகுத்தார்கள்.

மோட்டாரையும் சக்கரங்களையும் பிரித்தல்

சேஸிஸில் மோட்டாரைப் பிடித்திருக்கும் திருகைக் கழற்றி, பிக்கப் கம்பியை விடுவித்து, மோட்டார் தனியாக எடுக்கப்பட்டது. 6 வோல்ட்டில் தனியாக ஓடவிட்டபோது 0.55 ஆம்பியர். சுமையே இல்லாமல் இது அதிகம். தீப்பொறியும் குறையவில்லை. எனவே மோட்டாரிலும் ஒரு கோளாறு உண்டு.

அடுத்து வெறும் சேஸிஸ். வார்ம் விலகிவிட்டதால் சக்கரங்கள் தங்குதடையின்றி உருள வேண்டும். கண்ணாடித் தகட்டின் மேல் வைத்து விரலால் தள்ளியபோது ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் இறுகியது. ஓட்டத்தில் தெரிந்த தடுமாற்றம் இதுதான்.

ஆக, ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு கோளாறுகள் சேர்ந்து ஒரே நோய்போலத் தெரிந்திருக்கின்றன. மோட்டாரை மட்டும் மாற்றியிருந்தால் புது மோட்டாரும் அதே இடத்தில் திணறியிருக்கும்.

சேஸிஸ்: இறுக்கம் எங்கே?

ஒரு பக்கத்துச் சக்கரங்களை ஒன்றோடொன்று கோக்கும் இணைப்புத் தண்டுகளை இரு பக்கமும் கழற்றி ஒவ்வோர் அச்சையும் தனியாகச் சுற்றிப் பார்த்தார்கள். மூன்றும் சுற்றின, ஆனால் பிசுபிசுப்போடு. அச்சுத் துளைகளில் பழைய எண்ணெய் பழுப்பு நிறப் பிசினாக உறைந்திருந்தது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பருத்திக் குச்சியால் துடைத்து, கூராக்கிய பல்குத்தியால் மிச்சத்தைச் சுரண்டி எடுத்தார்கள். இதில் இரட்டைப் பலன். சேஸிஸ் பக்கச் சக்கரங்களின் மின்சாரம் அந்த அச்சுத் துளைகள் வழியாகத்தான் போகிறது. உறைந்த எண்ணெய் அங்கே ஒரு காப்புப் படலம்.

பிறகு தண்டுகளைத் திரும்பப் பூட்டியது, ஒரு பக்கம் மட்டும். உருண்டது. அதைக் கழற்றி மறுபக்கம் மட்டும் பூட்டியபோதும் உருண்டது. இரு பக்கமும் பூட்டியபோது இறுகியது. இந்த வரிசையைக் கடைப்பிடித்தால் குற்றவாளி தானாக வெளியே வரும். ஒரு பக்கத் தண்டு மட்டும் இருக்கும்போதே இறுகினால், தண்டு வளைந்திருக்கிறது அல்லது துளை இடைவெளி தவறு. தனித்தனியே சரியாக உருண்டு, சேர்ந்தால் மட்டும் இறுகினால், ஏதோ ஓர் அச்சில் இடது வலது சக்கரங்களின் கோணம் பிசகியிருக்கிறது. இரு பக்கக் கிராங்க் பின்களும் (தண்டு மாட்டும் சக்கர முளைகள்) ஒன்றுக்கொன்று 90 பாகையில் இருக்க வேண்டும். துல்லியமாக 90 என்பதைவிட மூன்று அச்சுகளிலும் ஒரே கோணம் என்பதே இன்றியமையாதது.

முன் அச்சைப் பக்கவாட்டில் பார்த்தபோது அதன் ஆரக்கால்கள் மற்ற இரண்டோடு ஒத்துவரவில்லை. சில பாகைகள் நகர்ந்திருந்தது. எண்ணெய் உறைந்து சக்கரம் இறுகிய நிலையில் யாரோ வண்டியைக் கையால் தள்ளியிருக்க வேண்டும். அச்சின் மேல் சக்கரத்தின் பிடி வழுக்கிவிட்டது. உறைந்த எண்ணெயுள்ள வண்டியைத் தள்ளிப் பார்க்கக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

அந்தச் சக்கரத்தை இழுத்தெடுத்து, அச்சு முனையையும் சக்கரத் துளையையும் ஆல்கஹாலால் எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, உருளைப் பொருத்தத்துக்கான பிடிப்புப் பசையை ஊசி முனையில் தொட்டு வைத்து, இரு சக்கரங்களின் கோணத்தையும் சரியாகப் பிடித்து வைக்கும் அச்சுக்கூட்டில் வைத்து அழுத்தினார்கள். பசை மிகுந்தால் அச்சு வழியே வழிந்து தாங்கியைப் பிடித்துவிடும். ஊசி முனை அளவே போதும். ஒரு நாள் முழுவதும் அப்படியே விடப்பட்டது. மறுநாள் தண்டுகளைப் பூட்டியபோது சேஸிஸ் கண்ணாடியின் சிறு சரிவிலேயே தானாக உருண்டது.

பிக்கப் வேலை சுருக்கமானது. மல்டிமீட்டரைத் தொடர்ச்சிச் சோதனையில் வைத்து ஒவ்வொரு காப்புச் சக்கரத்தின் விளிம்பிலிருந்தும் கம்பி முனைக்குப் பார்த்ததில், மூன்றில் ஒன்றுதான் ஒலித்தது. தகட்டையும் சக்கரத்தின் பின்புறத்தையும் துடைத்து, மற்ற இரண்டையும் தொடுமளவுக்குத் தகட்டை மெல்ல வளைத்தார்கள். அழுத்தம் அதிகமானால் தகடே பிரேக் போலச் சக்கரத்தைப் பிடித்துவிடும். ஆகவே வளைத்தபின் மீண்டும் உருட்டிப் பார்த்தார்கள்.

மோட்டார்: கம்யூட்டேட்டரும் பிரஷ்களும்

ஸ்பிரிங்கை எடுக்கும் முன் அதன் எந்தக் காலில் ஸ்லீவ் இருக்கிறது என்று படம் எடுத்துக்கொண்டார்கள். மாற்றிப் போட்டால் சட்டத்துக்குப் போக வேண்டிய பக்கம் காப்பிடப்பட்டு, காப்பு வேண்டிய பக்கம் சட்டத்தைத் தொடும். இதில் ஸ்லீவ் முழுதாக இருந்தாலும் கடினமாகி நுனியில் விரிசல் கண்டிருந்தது. அது தொடர்ந்து விரிந்திருந்தால் உரிமையாளர் முதலில் சந்தேகித்த ஷார்ட் உண்மையாகவே வந்திருக்கும். புதிய ஸ்லீவ் மாற்றப்பட்டது.

பிரஷ்களை எடுத்தபின் கம்யூட்டேட்டர் துண்டங்களுக்கு இடையே மின்தடை அளந்தார்கள். மூன்று துண்டங்கள், ஆகவே மூன்று இணைகள். வாசிப்புகள்: 7, 9.2, 9.3 ஓம். மூன்றும் சமமாக இருக்க வேண்டும். இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள்: ஒரு சுருள் உள்ளுக்குள் ஷார்ட் ஆகிவிட்டது, ஆர்மேச்சர் போய்விட்டது என்று தூக்கிப் போடுவார்கள். துண்டங்களுக்கு நடுவே உள்ள பள்ளங்களைப் பூதக்கண்ணாடியில் பார்த்தபோது அவை கறுப்புக் களிம்பால் நிறைந்திருந்தன. பிரஷ் தேய்ந்த கார்பன் பொடியும் எண்ணெயும் கலந்த களிம்பு அது, மின்சாரம் கடத்தும். பக்கத்துத் துண்டத்துக்கு மின்சாரம் அதன் வழியே கசிந்தால் வாசிப்பு குறையும், தீப்பொறி பெரிதாகும், மின்னோட்டம் வீணாகும்.

பள்ளங்களைப் பல்குத்தியால் ஒவ்வொன்றாகச் சுரண்டினார்கள். உலோக ஊசி வேண்டாம். துண்டத்தின் ஓரத்தில் பிசிறு எழும்பினால் அது பிரஷைத் தின்னும். மேற்பரப்பை ஆல்கஹால் தோய்த்த பருத்திக் குச்சியால், குச்சி வெள்ளையாக வரும்வரை துடைத்தார்கள். உப்புத்தாளும் கண்ணாடியிழைப் பேனாவும் மோட்டாரின் பக்கமே கொண்டுவரப்படவில்லை. காந்தத்துக்கு அருகே தேய்ப்புத் தூளும், சுருள்களுக்குள் கண்ணாடியிழையும் போனால் வெளியே எடுப்பது கடினம். மீண்டும் அளந்தபோது மூன்று வாசிப்புகளும் 10 ஓம் அருகே நின்றன. துண்டங்களுக்கும் தண்டுக்கும் இடையே தொடர்பு எதுவும் இல்லை. சுருள்கள் நலம்.

பிரஷ்களில் நீளம் போதுமான அளவு இருந்தது. ஆனால் முகம் எண்ணெய் ஊறிப் பளபளத்தது. எண்ணெய் குடித்த கார்பனைத் துடைத்துப் பயன்படுத்துவது அரைகுறை வேலை. உள்ளே ஊறியது சூட்டில் மறுபடி வெளிவரும். எனவே ஒரு புதிய இணை போடப்பட்டது. தொலைக்காட்சி இரைச்சலைத் தடுக்கப் பொருத்தியிருந்த பழைய மின்தேக்கியின் ஒரு காலை விடுவித்துச் சோதித்தார்கள். கசிவில்லை, திரும்ப இணைக்கப்பட்டது.

தாங்கிகளின் கம்பளித் துண்டுகள் எண்ணெயில் மிதந்தன. அவற்றைக் காகிதத்தால் ஒற்றி உலர்த்தி, ஒவ்வொன்றுக்கும் ஊசி முனையில் ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் விடப்பட்டது. வார்மில் அரிசி மணியில் பாதியளவு கிரீஸ். அச்சுத் துளைகளுக்கும் கிராங்க் பின்களுக்கும் ஊசி தொட்ட அளவு.

பூட்டியபின் அளவுகள்

தனி மோட்டார், 6 வோல்ட்: 0.26 ஆம்பியர். சேஸிஸில் பூட்டியபின், அதே 6 வோல்ட்டில் தண்டவாளத்தில்: 0.33. முன்பே வகுத்த 0.5 என்ற எல்லைக்குள் நன்றாகவே அடங்கியது. காந்தத்தைத் தொட வேண்டிய அவசியம் இல்லாமல் போனது.

புதிய பிரஷின் முகம் கம்யூட்டேட்டரின் வளைவுக்கு ஏற்பத் தேய்ந்து படிய வேண்டும். அதற்காகச் சுமையின்றி 6 வோல்ட்டில் முன்னோக்கி அரை மணி, பின்னோக்கி அரை மணி ஓட்டினார்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தொட்டுச் சூடு பார்த்தார்கள். முடிவில் சட்டம் வெதுவெதுப்பாக மட்டுமே இருந்தது. அதன்பின் நான்கு பெட்டிகளைச் சமதளச் சுற்றில் இழுத்தது. 8 வோல்ட்டில் 0.42 ஆம்பியர். தீப்பொறி இருட்டில் பார்த்தால்தான் தெரிந்தது.

அடுத்து வந்த சிக்கல்

இரண்டு வாரம் கழித்துச் சங்கத்தின் ஓட்ட மாலையில் (உறுப்பினர்கள் கூடி வண்டிகளை ஓட்டும் மாலைப்பொழுது) மஞ்சள் தீப்பொறி திரும்பத் தெரிந்தது. 6 வோல்ட்டில் மின்னோட்டம் 0.45க்கு ஏறியிருந்தது. சேஸிஸ் தளர்வாகவே உருண்டது. ஆகவே நேராகக் கம்யூட்டேட்டரைப் பார்த்தார்கள். அது மீண்டும் ஈரமாக இருந்தது. கம்பளித் துண்டை மேலாக ஒற்றியது போதவில்லை. உரிமையாளர் விட்ட எண்ணெய் அதன் உள்ளே ஊறியிருந்தது; மோட்டார் சூடானதும் அது இளகித் தண்டு வழியே கம்யூட்டேட்டருக்கு ஊர்ந்திருக்கிறது.

கம்யூட்டேட்டர் பக்கத் துண்டு தூக்கி எறியப்பட்டு, புதிய கம்பளித் துண்டு வெட்டி வைக்கப்பட்டது. கம்யூட்டேட்டரும் பள்ளங்களும் மறுபடி சுத்தமாயின. பிரஷ்கள் சில மணி நேரமே ஓடியவை என்பதால் மேற்பரப்பு ஈரத்தை ஆல்கஹாலில் துடைத்து, தொடர்ந்து கவனித்து வருவது என்று விட்டார்கள். 6 வோல்ட்டில் 0.32க்கு இறங்கியது. அதன் பின்னான ஓட்ட மாலைகளில் அது ஏறவில்லை.

அடுத்த முறை எதை மாற்றுவது

இந்த வகை மோட்டாரில், வரலாறு தெரியாத வண்டி வந்தால், கம்பளித் துண்டுகளை முதல் தடவையிலேயே மாற்ற வேண்டும். விலை மிகக் குறைவு. மாற்றாவிட்டால் புதிய பிரஷ்களையும் அதே எண்ணெய் கெடுக்கும். வார்ம் பக்கத்துத் துண்டை இந்த வண்டியில் இன்னும் மாற்றவில்லை. அங்கே வழியும் எண்ணெய் கியரில் விழுவதால் அவசரம் குறைவு.

துருநீக்கித் தெளிப்பை உரிமையாளரிடம் முதலிலேயே கேட்டறிந்தது உதவியது. கேட்காமல் இருந்திருந்தால் களிம்பின் காரணம் பிடிபடத் தாமதமாகியிருக்கும். இனி வண்டியை வாங்கி வைக்கும்போதே எதைத் தெளித்தார்கள், எதில் எண்ணெய் விட்டார்கள், எவ்வளவு காலம் ஓடவில்லை என்று எழுதிக்கொள்வதாகச் சங்கத்தில் முடிவானது.

சங்கத்தின் சுற்றுப் பாதை 2.54 மில்லிமீட்டர் உயரத் தண்டவாளம் கொண்டது, ஆகவே இந்தச் சக்கரங்களின் ஆழமான விளிம்புகள் தொல்லை தரவில்லை. உரிமையாளரின் வீட்டில் பேரனுக்காகப் போடவிருக்கும் பாதைக்கும் அதே உயரத்தைப் பரிந்துரைத்தார்கள், 1.9 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் விளிம்புகள் தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் கட்டைகளில் தட்டும்.

வண்டியோடு ஓர் அட்டையும் பெட்டிக்குள் போடப்பட்டது: துண்டங்களின் மூன்று மின்தடைகள், 6 வோல்ட்டில் மோட்டார் தனியாகவும் சேஸிஸோடும் இழுக்கும் மின்னோட்டம், பிரஷ் மாற்றிய மாதம். 6 வோல்ட்டில் 0.4ஐத் தாண்டினால் முதலில் பிரஷ் பக்கத்தைத் திறந்து ஈரம் இருக்கிறதா என்று பார்க்கவும், காய்ந்திருந்தால் மோட்டாரை இறக்கிச் சேஸிஸை உருட்டிப் பார்க்கவும் என்று அதன் கீழே எழுதியிருக்கிறது.